ஒன்றேகால் ஏக்கருக்குள் ஒரு மலைநாடு

சீனாவின் சூஜோ நகரத்துக்குப் போய்ப் பழைய தோட்டங்களைப் பார்த்துவிட்டு வருபவர்களில் பலருக்கு, வெளியே சொல்லிக்கொள்ளாத ஒரு மனக்குறை இருக்கும். உலகப் புகழ் என்றார்கள், யுனெஸ்கோ பட்டியல் என்றார்கள். உள்ளே நுழைந்தால் புல்வெளி இல்லை, பூப்பாத்தி இல்லை, நேராக ஒரு நடைபாதைகூட இல்லை. வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, பொத்தல் பொத்தலாக ஒரு பாறை, பச்சைத் தண்ணீர், ஏகப்பட்ட கூட்டம். இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கத்தான் தோன்றும்.

கேள்வி நியாயமானது. பூங்கா என்றால் நமக்குப் பழக்கம் வேறு. வாசலில் நின்றாலே முழுவதும் கண்ணில் பட வேண்டும். மரத்தடியில் சிமெண்ட் பெஞ்சு போட்டிருக்க வேண்டும். சூஜோ தோட்டங்கள் அந்தச் சாதியே இல்லை. முழுவதும் ஒரே பார்வையில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே கட்டப்பட்டவை அவை. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்துக்குள் போகுமுன் ஊரைப் பார்க்க வேண்டும். டீ கையில் இருக்கட்டும், நிதானமாகவே போவோம்.

தண்ணீரும் சந்தையும்

சூஜோ, ஷாங்காயிலிருந்து மேற்கே சுமார் 100 கிலோமீட்டர். யாங்சி ஆறு கடலைத் தொடும் முன் பரப்பிவிட்ட வண்டல் சமவெளி. மேற்கே தைஹூ என்னும் பெரிய நன்னீர் ஏரி. ஊரை ஒட்டி, வடக்கே பெய்ஜிங்கையும் தெற்கே ஹாங்ஜோவையும் இணைக்கும் பெருங்கால்வாய். வூ நாட்டு அரசன் ஹெலூ கி.மு. 514-இல் இங்கே தன் தலைநகரை அமைத்தான் என்பது மரபு.

1229-இல் இந்த ஊரின் வரைபடத்தை ஒரு கல்லில் செதுக்கினார்கள். அந்தக் கல் இன்னும் ஊரிலேயே இருக்கிறது. அதைப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும்: தெருவுக்குத் துணையாகக் கால்வாய், கால்வாய்க்குத் துணையாகத் தெரு. வீட்டின் முன்வாசல் தெருவில், பின்வாசல் தண்ணீரில். பின்வாசலில் நாலு படி இறங்கினால் படித்துறை. அரிசி மூட்டை வந்து இறங்குவதும் அங்கேதான், பட்டுச் சுமை ஏறுவதும் அங்கேதான்.

மிங், சிங் அரச காலங்களில் சீனாவின் பெரிய சந்தைகளில் ஒன்றாக இந்த ஊர் இருந்தது. அரண்மனைக்குப் பட்டு நெய்து அனுப்பும் அரசுத் தறிக்கூடம் இங்கே இருந்தது. வடமேற்கு மூலையில் சாங் வாயில். அதற்கு வெளியே மண்டிகளும் கிடங்குகளும் சத்திரங்களுமாக நெரிசல். 1759-இல் அரண்மனை ஓவியர் ஷூ யாங் இந்த ஊரைப் பன்னிரண்டு மீட்டருக்கும் மேல் நீளமான சுருளில் வரைந்தார். சுருளைப் பிரிக்கப் பிரிக்கப் படகு, பாலம், கடைப் பலகை, கூட்டம் என்று வந்துகொண்டே இருக்கும்.

இப்படிப்பட்ட ஊரில் மனை என்பது மதிலுக்குள், கால்வாய்களுக்கு நடுவே, கட்டம் கட்டமாக அறுத்து வைத்த தட்டையான நிலம். கையில் எவ்வளவு காசு இருந்தாலும் ஊருக்குள் மலையை விலைக்கு வாங்க முடியாது. ஆனால் படித்த சீனர் மனதில் நல்ல வாழ்க்கை என்றால் மலை, ஏரி, தனிமை. சின்ன மனை, தட்டைத் தரை, மதிலுக்கு அப்பால் சந்தை இரைச்சல். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மலையும் ஏரியும் தனிமையும் வரவழைக்க வேண்டும். சூஜோ தோட்டக்கலை முழுவதும் இந்த ஒரே கணக்குக்கான விடைதான்.

வேலை போனவர்களும் விசிறி விற்றவர்களும்

கணக்கைப் போட்டவர்கள் யார்? பெரும்பாலும் அரசு வேலையை இழந்தவர்கள் அல்லது வெறுத்து விட்டவர்கள்.

‘நீல அலை மண்டபம்’ என்ற தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். இப்போதுள்ளவற்றில் இதன் பெயர்தான் மிகப் பழையது. இதைத் தொடங்கியவர் சூ ஷுன்சின் என்ற கவிஞர்; சோங் அரசின் தலைநகரில் அதிகாரியாக இருந்தவர். 1044-இல் தன் அலுவலகத்துப் பழைய காகிதத்தை விற்று வந்த பணத்தை ஒரு திருவிழா விருந்தில் செலவழித்தார். காகிதத்தை விற்று விருந்து போடுவது அந்த அலுவலகங்களில் வழக்கம்தான். ஆனால் அவருடைய மாமனார் சீர்திருத்தக் கட்சியின் பெரிய தலை. மாமனாரை வீழ்த்தக் காத்திருந்தவர்களுக்கு மருமகனின் விருந்து வசமாகக் கிடைத்தது. அரசுப் பணத்தைக் கையாடினார் என்று வேலையைப் பறித்துவிட்டார்கள். அவர் சூஜோவுக்கு வந்து, கவனிப்பாரில்லாமல் கிடந்த ஒரு நீர்க்கரை மனையை நாற்பதாயிரம் காசுக்கு வாங்கி மண்டபம் கட்டினார். சில ஆண்டுகளே அதில் வாழ்ந்தார், 1048-இல் இறந்துபோனார்.

‘எளிய அதிகாரியின் தோட்டம்’ இருப்பதிலேயே பெரியது, ஐந்து ஹெக்டேருக்குச் சற்று அதிகம். இதைத் தொடங்கிய வாங் ஷியென்சென், மிங் அரசில் தணிக்கை அதிகாரி. ரகசியப் போலீசோடு மோதிச் சிறை, அடி, பதவியிறக்கம் எல்லாம் பார்த்தவர். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் திரும்பி, தண்ணீர் தேங்கும் ஒரு தாழ்ந்த நிலத்தை வாங்கினார். சேறு அள்ளிய பள்ளம் குளமானது, அள்ளிய மண் மேடானது. அவருடைய நண்பரான ஓவியர் வென் ஜெங்மிங் 1533-இல் அந்தத் தோட்டத்தை 31 காட்சிகளாக வரைந்து கொடுத்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக் காய்கறி விற்றுப் பிழைப்பதே என் போன்ற சாமர்த்தியமில்லாதவனின் ஆட்சி என்ற பழைய கட்டுரைக் கருத்திலிருந்து தோட்டத்தின் பெயரை எடுத்தார் வாங். வாங் போன பிறகு, மகன் ஒரே இரவுச் சூதாட்டத்தில் தோட்டத்தைத் தோற்றான் என்று கதை சொல்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம். பெயரெல்லாம் காய்கறிக்காரன், மீனவன், துறவி. கட்டச் செலவானதோ பெரும் பணம். காலம் போகப் போக அந்தப் பணம் நேராகவே கடைத்தெருவிலிருந்து வந்தது. இதே தோட்டத்தின் மேற்குப் பகுதியை 1870-களில் வாங்கிய ஜாங் லூசியெனின் முன்னோர்கள் விசிறி விற்றுப் பிழைத்தவர்கள் என்பார்கள். அவர் கட்டிய ஒரு நீர்க்கரை மண்டபம் விரித்த விசிறியின் வடிவில் இருக்கிறது: கூரை விசிறி, ஜன்னல் விசிறி, உள்ளே மேசையும் விசிறி. ‘சிங்க வனம்’ 1342-இல் சீடர்கள் தங்கள் ஜென் பௌத்த குருவுக்காக அமைத்த தோட்டம். 1910-களின் கடைசியில் அதைச் சாய வியாபாரத்தில் செல்வம் சேர்த்த பெய் குடும்பத்தார் ஒருவர் வாங்கினார். சந்தைக்கு முதுகு காட்டும் மதிலை எழுப்பியதும் சந்தைப் பணம்தான்.

மதில்தான் முதல் பாடம்

இனி உள்ளே போவோம். சாங் வாயிலுக்கு வெளியே இருக்கும் லியூ தோட்டத்தின் நுழைவாயிலிலிருந்து தொடங்குவது நல்லது. வித்தை அங்கேதான் துலக்கமாகத் தெரியும்.

தெருவாசலைத் தாண்டியதும் சுமார் 50 மீட்டருக்கு ஒரு குறுகல் நடை. இரு பக்கமும் உயரமான சுவர். இடையிடையே வானம் தெரியும் ஒரு சின்ன முற்றம், அதில் ஒரு மூங்கிலோ ஒரு கல்லோ. மறுபடி இருட்டு, மறுபடி ஒரு திருப்பம். மனை தெருவில் மற்ற வீடுகளுக்கு நடுவே இடுங்கிக் கிடந்ததால் வந்த கட்டாயம் இது. ஆனால் அந்தக் குறையையே கருவியாக்கிவிட்டார்கள். நடையின் முடிவில் குளம் உடனே காட்சி தருவதில்லை. சுவரில் வரிசையாக ஆறு பின்னல் ஜன்னல்கள்; அவற்றின் இடுக்கில் தண்ணீரின் மினுக்கம் மட்டும் துண்டு துண்டாகத் தெரியும். இன்னும் சில அடி நடந்த பிறகுதான் குளம் மொத்தமும் விரியும். நாடகக் கொட்டகையில் விளக்கை அணைத்துவிட்டுத் திரையைத் தூக்குவதுபோலத்தான். இருட்டுக்கும் இறுக்கத்துக்கும் பழகிவிட்ட கண்ணுக்கு, அந்தக் குளம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

சின்ன நிலத்தைப் பெரிதாக்க வழி, அதை இன்னும் சின்னதாக நறுக்குவது! ஒரே மைதானமாக விட்டால் நாலு பார்வையில் எல்லை தெரிந்துவிடும். சுவர் எழுப்பிப் பத்துத் துண்டாக்கினால், துண்டுக்குத் துண்டு அடுத்து என்ன என்ற ஆவல் பிறக்கும். சுவரில் ஜன்னல் வைத்தால் அடுத்த துண்டு கொஞ்சம் தெரியும், முழுக்கத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு ஜன்னல்கள். நீல அலை மண்டபத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பின்னல் ஜன்னல்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல். வளைந்த ஓட்டை ஓட்டோடு பொருத்தி, தாமரையாக, அலையாக, இலையாகப் பின்னியிருக்கிறார்கள்.

அதே தோட்டத்தில் இன்னொரு வேலை செய்திருக்கிறார்கள். மற்ற தோட்டங்களில் தண்ணீர் மதிலுக்கு உள்ளே. இங்கே கால்வாய் மதிலுக்கு வெளியே. அந்தப் பக்கம் மதில் எழுப்பாமல் ஒரு நடைமண்டபம் கட்டினார்கள். நடுவில் ஒரு சுவர். சுவரின் ஒரு புறம் நடந்தால் கால்வாய், மறுபுறம் நடந்தால் மலை. ஜன்னல்கள் வழியாக இரண்டும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கும். ஊருக்குச் சொந்தமான தண்ணீர் செலவில்லாமல் தோட்டத்துக்குள் வந்துவிட்டது.

இப்படி இரவல் வாங்கும் கலைக்கு இலக்கணமும் எழுதியிருக்கிறார்கள். சூஜோவுக்குப் பக்கத்து ஊரான வூஜியாங்கில் பிறந்த ஜி செங், 1630-களின் தொடக்கத்தில் தோட்டக்கலைக்கென்று ஒரு முழு நூல் எழுதினார். நிலத்தின் போக்கை அனுசரி, வெளியே இருப்பதை இரவல் வாங்கு என்பது அதன் சாரம். எளிய அதிகாரியின் தோட்டத்தில் கிழக்குக் கரையில் நின்று குளத்தின் நீளவாட்டில் மேற்கே பாருங்கள். மரங்களுக்கு மேலே ஒரு கோபுரம் தெரியும். தோட்டத்துக்குள்ளேயே இருப்பதுபோல இருக்கும். உண்மையில் அது வடகோயில் கோபுரம்; 76 மீட்டர் உயரம், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. நடுவில் இருக்கும் வீடுகளையும் தெருக்களையும் மரங்கள் மறைத்துவிடுகின்றன.

வித்தையின் உச்சம் ‘வலைக்காரர் தோட்டம்’. வீட்டையும் சேர்த்து சுமார் அரை ஹெக்டேர்தான், நம் கணக்கில் ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர். நடுக் குளம் சுமார் 20 மீட்டர் சதுரம். ஆனால் கரையில் நின்றால் ஏரிக்கரையில் நிற்பதாகத்தான் தோன்றும். காரணங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். குளத்தை ஒட்டிய மண்டபங்களெல்லாம் தாழ்வானவை; மாடிக் கட்டடங்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். கரைக் கற்கள் தண்ணீரின் மேல் துருத்திக்கொண்டு நிற்க, அவற்றுக்கு அடியில் தண்ணீர் இன்னும் போவதாகத் தோன்றும். குளத்தின் ஒரு மூலை ஓடையாக ஒடுங்கிப் பாறைக்குள் நுழைகிறது. அந்த ஓடைமேல் ஒரு கல்பாலம், மூன்று எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். பாலம் அவ்வளவு சின்னது என்பதால் பக்கத்துக் குளம் பெரிதாகிவிடுகிறது. மேற்குக் கரை மண்டபத்தில் ஒரு பெரிய கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள். குளம் அதில் இன்னொரு முறை விரிகிறது.

இந்தத் தோட்டத்தின் ஒரு சின்ன முற்றத்தைப் பார்த்துத்தான் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் சீனத் தோட்டத்தைக் கட்டிக்கொண்டது. சூஜோவிலிருந்து 27 கைவினைஞர்கள் போய்க் கட்டினார்கள், 1981-இல் திறந்தார்கள். அதற்கு வேண்டிய செங்கல்லுக்காக சூஜோவில் மூடிக்கிடந்த பழைய அரசுச் சூளையை மறுபடி மூட்ட வேண்டியிருந்தது. 1930-களில் இதே தோட்டத்தில் ஓவியச் சகோதரர்கள் ஜாங் ஷான்சியும் ஜாங் தாச்சியெனும் குடியிருந்தார்கள். புலி வரைவதில் பேர்பெற்ற அண்ணன், பார்த்து வரைவதற்கென்று ஒரு புலிக்குட்டியை வளர்த்தார். அது செத்தபோது அங்கேயே புதைத்தார்கள்.

பொத்தல் பாறைக்கு ஏன் இந்த மரியாதை?

முதன்முறை போகிறவர்களை மிகவும் திகைக்க வைப்பது அந்தப் பாறைகள்தான். தைஹூ ஏரியிலிருந்து வந்த சுண்ணாம்புக் கல் அது. காற்றிலிருக்கும் கரியமில வாயு கரைந்த தண்ணீர் லேசாக அமிலத்தன்மை பெறும். அது சுண்ணாம்புக் கல்லைத் தின்னும். அலையும் சேர்ந்து அரைக்க அரைக்க, இளகிய இடம் குழியாகி, குழி பொத்தலாகி, உறுதியான பகுதி மட்டும் எலும்பாக நிற்கும். அந்தக் கல்லுக்கு நாலு லட்சணம் சொன்னார்கள்: மெலிந்திருக்க வேண்டும், சுருக்கம் விழுந்திருக்க வேண்டும், மேலே விட்ட தண்ணீர் கீழே ஒழுக வேண்டும், ஒரு பக்கம் பார்த்தால் மறுபக்கம் தெரிய வேண்டும்.

இதை மலைக்கு ஒரு மாதிரி என்று மட்டும் நினைத்தால் பாதிதான் புரிந்தது. சீன நிலக்காட்சி ஓவியத்தில் மலையும் மேகமும் ஒன்றுக்குள் ஒன்று கரையும். ஒரே கல் மலையாகவும் மேகமாகவும் தெரிய வேண்டும் என்பதே ஆசை. லியூ தோட்டத்திலுள்ள கல் சுமார் ஆறரை மீட்டர் உயரம். மேகத்தைச் சூடிய சிகரம் என்று அதற்குப் பெயர். அதன் நிழல் விழுவதற்கென்றே முன்னால் ஒரு குளம் வெட்டியிருக்கிறார்கள்.

ஆசை எல்லை மீறியபோது என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். சோங் பேரரசர் ஹுயீசோங் நல்ல ஓவியர், கல் பைத்தியம். 1105-இல் சூஜோவில் ஒரு கொள்முதல் அலுவலகமே வைத்தார்; பின்னால் தலைநகர் கைஃபெங்கில் செயற்கை மலையும் கட்டினார். பொறுப்பு ஜூ மியென் என்ற சூஜோக்காரரிடம். யார் வீட்டு முற்றத்தில் நல்ல கல்லோ அபூர்வ மரமோ இருந்தாலும் அரசரின் பொருள் என்று எடுத்துக்கொண்டார்கள். கல் வெளியே வர வீட்டுச் சுவரை இடித்தார்கள். படகு போகப் பாலங்களை இடித்தார்கள். தானியம் ஏற்றும் படகுகளைக் கல் ஏற்றத் திருப்பினார்கள். 1120-இல் ஃபாங் லா என்பவர் தலைமையில் கலகம் வெடித்தபோது, ஜூ மியெனைக் கொல் என்பதே முழக்கம். சில ஆண்டுகளில் வடக்கிலிருந்து ஜுர்ச்சென் படை வந்து கைஃபெங்கை முற்றுகையிட்டது. நகரைக் காத்தவர்கள் அந்தச் செயற்கை மலையின் கற்களைப் பெயர்த்துக் கவணில் வைத்து எறிந்தார்கள். மரங்களை வெட்டி விறகாக்கினார்கள். 1127-இல் ஆட்சி விழுந்தது.

பெரிய ஒற்றைக் கல்லைத் தேடி அலையாமல், சின்னக் கற்களை அடுக்கி மலை கட்டும் கலை பின்னாளில் மேலோங்கியது. அதில் தலைசிறந்தவர் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த கெ யூலியாங். வளைவுப் பாலம் கட்டுவதுபோலப் பெரிய கல்லையும் சின்னக் கல்லையும் ஒன்றையொன்று கவ்வ வைத்துக் குகை கட்டினால், நிஜ மலைபோல நெடுங்காலம் நிற்கும் என்பது அவர் வழி. ஹுவான்ஷியூ மாளிகைத் தோட்டத்தில் அவர் கட்டியது ஏழு மீட்டர் உயர மலை. அதற்குள் பள்ளத்தாக்கு, குகை, செங்குத்துச் சரிவு எல்லாம் உண்டு. அடுக்கிய கல்லின் கோடுகளும் ஒன்றோடொன்று இசைந்து போகும்; எங்கே ஒட்டினார்கள் என்று தேட வேண்டும்.

காதுக்கும் மூக்குக்கும்

பூப்பாத்தி இல்லையே என்றோம். பூ இருக்கிறது, நிறத்துக்காகக் கொட்டி வைக்கவில்லை. எளிய அதிகாரியின் தோட்டத்தின் பிரதான மண்டபம் தாமரைக் குளத்தைப் பார்த்து நிற்கிறது. பூவைப் பக்கத்தில் போய்ப் பார்க்க அல்ல, தூரத்திலிருந்து மணம் வர. இன்னொரு மண்டபத்தின் முற்றத்தில் வாழை நட்டிருக்கிறார்கள். மழை அந்த இலையில் விழும் சத்தத்தைக் கேட்பதே அந்த மண்டபத்தின் வேலை. மற்றொன்று இலையுதிர் காலத்துக்கானது: காய்ந்த தாமரை இலையை அகற்றாமல் விட்டு வைத்து, அதன்மேல் விழும் மழையைக் கேட்பார்கள். ஈரமான இலையில் ஒரு சத்தம், காய்ந்த இலையில் வேறொரு சத்தம்.

விசிறிக்காரக் குடும்பத்து ஜாங், குன்ச்சூ என்ற இசைநாடகத்தின் ரசிகர். பாட்டுக் கேட்கவென்று குளத்தின்மேல் ஒரு கூடம் கட்டினார். உள்கூரையை வளைத்துக் கட்டியதால் குரல் கூடத்துக்குள்ளேயே நின்று ஒலிக்கும். ஜன்னல்களில் நீலக் கண்ணாடி. கோடை வெயிலில்கூட அதன் வழியே பார்த்தால் தோட்டம் பனி பெய்ததுபோல இருக்கும்.

நம் மூக்குக்கும் இங்கே ஒரு சொந்தம் உண்டு. ஊருக்கு வடமேற்கே புலிக்குன்று. அதைச் சுற்றியிருந்த கிராமங்களில் மல்லிகை பயிரிட்டார்கள். நம் குண்டுமல்லி இனமேதான், தெற்காசியப் பக்கமிருந்து சீனாவுக்குப் போன செடி. பிற்பகலில் மொக்கைப் பறிப்பார்கள். இரவில் அது மலரும்போது தேயிலையோடு கலந்து வைப்பார்கள். தேயிலை மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். வாடிய பூவைச் சலித்து நீக்கிவிட்டுப் புதுப் பூவோடு மறுபடி, மறுபடி. சீனர்களின் மல்லிகைத் தேநீர் பிறப்பது இப்படித்தான். இன்றும் கோடையில் சூஜோ தெருவோரத்தில் பாட்டிகள் கூடையில் ஈரத்துணி விரித்து வெள்ளைச் செண்பகம் விற்பார்கள். இரண்டு மொக்கை மெல்லிய கம்பியில் கட்டித் தருவார்கள். தலையில் வைப்பதில்லை, சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொள்வார்கள்.

தோட்டம் இல்லாதவர்கள்

மதிலுக்குள் ஒருவர் மலை கட்டிக்கொண்டார் சரி, நெசவாளியும் படகோட்டியும் எங்கே போனார்கள்? புலிக்குன்றுக்குத்தான். கவிஞர் பை ஜூயி, 825-இல் இந்த ஊருக்கு நிர்வாகியாக வந்தபோது, சாங் வாயிலிலிருந்து குன்று வரை ஒரு கால்வாயும் கரையோரப் பாதையும் அமைத்தார். ஷான்தாங் தெரு என்று இன்றும் இருக்கிறது. குன்றின் உச்சியில் 961-இல் கட்டி முடித்த செங்கல் கோபுரம், சுமார் 47 மீட்டர், ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. நடு இலையுதிர்த் திருவிழா நிலவில் ஊரே இங்கே கூடிப் பாட்டுப் போட்டி நடத்தியது. டிக்கெட்டும் இல்லை, மதிலும் இல்லை.

செல்வர்களின் தோட்டங்களும் வசந்த காலத்தில் கொஞ்சம் கதவைத் திறந்தன. 1830-இல் இந்த ஊரின் பழக்கவழக்கங்களைத் தொகுத்த கு லூ இதைக் குறித்து வைத்திருக்கிறார். உதிர்ந்த பூவைக் கூட்டும் கூலி என்ற பெயரில் வாயிற்காவலர் சில்லறை வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்.

1860-இல் தைப்பிங் உள்நாட்டுப் போரில் சாங் வாயில் கடைவீதி எரிந்து சாம்பலானது. லியூ தோட்டம் தப்பியது. 1870-களில் ஷெங் காங் என்பவர் வாங்கிச் சீராக்கினார். ஆனால் வியாபாரத்தின் பெரும் பங்கு ஷாங்காய்க்குப் போய்விட்டது. அடுத்த நூற்றாண்டின் போர்க்காலத்தில் அதே லியூ தோட்டத்தில் படைக் குதிரைகளைக் கட்டினார்கள். 1950-களில் அரசு எடுத்துப் பழுது பார்த்து ஒவ்வொன்றாகப் பொதுமக்களுக்குத் திறந்தது. 1997-இல் நான்கு தோட்டங்களும் 2000-இல் மேலும் ஐந்தும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின.

எப்படிப் பார்ப்பது?

ஒரு குடும்பமும் நாலு விருந்தாளிகளும் உலாவக் கட்டிய இடத்தில் இன்று ஆயிரக்கணக்கானவர்கள் நுழைகிறார்கள். மறைத்துக் காட்டும் வித்தை கூட்டத்தில் எடுபடாது. முன்னால் போகிறவரின் தலைதான் தெரியும். ஆகவே திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். சீன விடுமுறை வாரங்களைத் தவிருங்கள். மழை பெய்தால் அறையில் இருந்துவிடாதீர்கள். மழைக்கென்று கட்டிய மண்டபங்களை வெயிலில் பார்த்து என்ன பயன்?

ஒரு நாளுக்கு இரண்டு தோட்டம் போதும். முதல் நாள் லியூ தோட்டம், பிறகு ஷான்தாங் கரையோரமாகப் புலிக்குன்று. மறுநாள் காலையில் வலைக்காரர் தோட்டம், பக்கத்திலேயே நீல அலை மண்டபம். மூன்றாம் நாள் இருந்தால் எளிய அதிகாரியின் தோட்டம். கால் வலித்தால் பிங்ஜியாங் தெருப் பக்கம் ஓ தோட்டத்துக்குப் போங்கள். மூன்று பக்கம் கால்வாய், கூட்டம் குறைவு, பழைய படித்துறையில் இன்றும் படகு வந்து நிற்கிறது. உள்ளே போனதும் கேமராவை எடுக்குமுன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தச் சுவர் எதை மறைக்கிறது? இந்த ஜன்னல் அதில் எவ்வளவைக் காட்டுகிறது? காலடியையும் பாருங்கள், உடைந்த ஓடும் பீங்கான் சில்லும் கூழாங்கல்லும் பதித்து நாரையும் வௌவாலும் செய்திருப்பார்கள்.

கடைசியாக சூஜோ அருங்காட்சியகம். 2006-இல் இதைக் கட்டியவர் ஐ.எம். பெய், சிங்க வனத்தை வாங்கினார்களே, அதே பெய் குடும்பம். சிறுவயதுக் கோடை விடுமுறைகளில் அந்தத் தோட்டத்துக் குகைகளில் விளையாடியவர். அந்தக் காலத்தில்போல, கல்லை ஏரியில் ஊறப்போட்டுத் தலைமுறைக் கணக்கில் காத்திருக்க இனி யாருக்கும் பொறுமை இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் பாறைகளைத் தட்டையாக அறுத்து, ஒரு நீண்ட வெள்ளைச் சுவருக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார். சுவர் காகிதம், கல் மை. அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பது எளிய அதிகாரியின் தோட்டம். அதன் மரங்களை இரவல் வாங்கிக்கொண்டார். தோட்டங்களை முதலில் பார்த்துவிட்டு இங்கே வந்தால், பழைய வித்தைகளில் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டார் என்பதை நீங்களாகவே சொல்லிவிடுவீர்கள். முன்பதிவு செய்ய வேண்டும், திங்கட்கிழமை மூடியிருக்கும். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.